சேலைனும் உணவும்

அம்பாறை மாவட்டத்தின் கரையோரமாகக் கல்முனையிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் பெருந்தெரு காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, தம்பிலுவில் என்னும் ஊர்களைக் கடந்து திருக்கோவிலை அடைகின்றது. தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் இக்கரையில், பசியைத் தாமே விரும்பி ஏற்கும் நாள்கள் பல. ஆடி அமாவாசையன்று திருக்கோவிற் கடலிலே தீர்த்தமாட வருவோர் விரதமிருப்பர். றமழான் மாதம் முழுவதும் முஸ்லிம் மக்கள் நோன்பு நோற்பர். பசி யாது, அது தீர்தல் யாது என்பதை இவ்வளவு நன்றாக அறிந்த மக்களிடையேயும் உணவைப் பற்றிய ஒரு தவறான எண்ணம் வேரூன்றியிருத்தல் வியப்பிற்குரியது. வயிற்றோட்டத்தாலோ குடல் நோயாலோ உண்ண இயலாது ஒருவர் சோர்ந்து கிடந்தால், “ஆளுக்கு ஒரு சேலைன் ஏற்றினால் தெம்பு வந்துவிடும்” என்று வீட்டார் கூறுவர். வைத்தியசாலையிற் போத்தல் தொங்கவிடப்பட்டதும், உணவு உள்ளே செல்கின்றது என்ற மனவமைதியுடன் உறவினர் வீடு திரும்புவர்.

அப்போத்தலில் இருப்பது யாது? சாதாரண சேலைன் ஒரு லீற்றரில் 9 கிராம் உப்பு உண்டு, எஞ்சியது நீர். உணவு என்று சொல்லத்தக்கது அதிலே அணுவளவும் இல்லை. ஐந்து வீதக் குளுக்கோசுக் கரைசலிலே சிறிது உணவு உண்டு. அரை லீற்றர்ப் போத்தலில் 25 கிராம் குளுக்கோசு. தேநீர்க் கரண்டியால் அளந்தால் ஐந்தாறு கரண்டிச் சீனிக்கு ஒப்பானது. அதனால் உடலுக்குக் கிடைப்பது நூறு கலோரிக்கும் குறைவு. படுக்கையிற் கிடக்கும் வளர்ந்த ஒருவருக்கோ நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,500 முதல் 2,000 கலோரி வரை வேண்டும். இக்கரைசலால் மட்டும் அவருடைய பசியை ஆற்றுவதாயின் இருபது போத்தல் வரையில், அதாவது பத்து லீற்றர் நீரை, ஒரே நாளில் ஏற்றுதல் வேண்டும். இருதயமும் சிறுநீரகமும் அதனைத் தாங்கா. ஆகவே, நீரும் உப்பும் இழந்து தவிப்பவனுக்குச் சேலைன் உயிர் தரும் மருந்து என்பது எவ்வளவு உண்மையோ, உணவின்றி மெலிபவன் அதனைப் பெற்றுக்கொண்டே பட்டினியால் இறக்கக்கூடும் என்பதும் அவ்வளவு உண்மை. முன்னாளில் உலகெங்கும் வைத்தியசாலைகளில் அவ்வாறு இறந்தோர் பலர். அந்தப் போத்தலை மெய்யாகவே உணவாக்குவதற்கு மனிதன் முந்நூறு ஆண்டுகள் பாடுபட்டான். அந்த வரலாறு அறியத்தக்கது.

குருதி உடலைச் சுற்றி ஓடுகின்றது என்பதை வில்லியம் ஹார்வி 1628ஆம் ஆண்டிலே வெளியிட்டார். சுற்றி ஓடுவதாயின் ஓரிடத்தில் இட்டது எங்கும் செல்லுமன்றோ? இவ்வினாவைச் சோதித்துப் பார்த்தவர், பிற்காலத்தில் இலண்டனிலே புனித பவுல் பேராலயத்தைக் கட்டிய கிறிஸ்தோபர் ரென் என்பார். 1656ஆம் ஆண்டில் ஒக்ஸ்போர்டிலே, வாத்தின் இறகுத் தண்டை ஊசியாகவும் விலங்கின் நீர்ப்பையைப் போத்தலாகவும் கொண்டு, நாயொன்றின் நாளத்துள் அவர் மதுவைச் செலுத்தினார். நாய் மயங்கித் தள்ளாடியது. வாய் தீண்டாத பொருளும் உடலிற் செயற்படும் என்பது அன்று உறுதியாயிற்று. அந்நூற்றாண்டிலேயே வேறோர் ஆங்கிலேயர் ஒலிவ் எண்ணெயை நாயொன்றின் நாளத்துட் செலுத்தினார், அந்நாய் மாண்டது. எண்ணெய்த் துளிகள் நுரையீரலின் நுண்குழாய்களை அடைத்ததே அதற்குக் காரணம். கொழுப்பை நாளத்தின் வழியே ஊட்டுவது எளிதன்று என்னும் பாடம் இவ்வாறு தொடக்கத்திலேயே கிடைத்துவிட்டது.

மனிதருக்கு நாளவழிச் சிகிச்சை வந்த கதை கொலராவோடு பிணைந்தது. 1831ஆம் ஆண்டிலே அந்நோய் பிரித்தானியாவை அடைந்தபோது, வில்லியம் ஓஷாக்னசி என்னும் இளம் வைத்தியர் நோயாளரின் குருதியை ஆராய்ந்து, அதில் நீரும் உப்பும் மிகக் குறைந்திருப்பதைக் கண்டறிந்தார். (பின்னர் இந்தியாவிற்கு வந்து கல்கத்தா மருத்துவக் கல்லூரியிற் பேராசிரியராகி, அந்நாட்டிலே தந்திக் கம்பிகளை நிறுவிய ஓஷாக்னசியும் இவரே.) அவர் எழுதியதைப் படித்த தோமஸ் லாற்றா என்னும் ஸ்கொத்லாந்து வைத்தியர், 1832ஆம் ஆண்டிலே லீத் நகரில், சாகும் நிலையிலிருந்த ஒரு மூதாட்டியின் நாளத்துள் உப்புநீரைச் செலுத்தினார். குளிர்ந்து குழிந்திருந்த முகம் மீண்டும் ஒளிபெற்றது, அம்மையார் பேசினார். பிழைத்துவிட்டார் என நம்பிய லாற்றா அவரைப் பிறரிடம் ஒப்படைத்துச் சென்றார். வயிற்றோட்டம் மீண்டும் தொடங்கிற்று. நீரை மீண்டும் ஏற்றுவாரில்லை. சில மணி நேரத்தில் அவர் இறந்தார். முறை சரியானதே, அளவும் தொடர்ச்சியுமே குறைந்தன. எனினும், வைத்திய உலகம் அம்முறையைப் பல்லாண்டுகள் மறந்துபோயிற்று.

உப்புநீர் உணவன்று என்பதை அறிந்தோர் வேறு பொருள்களைத் தேடினர். 1850களில் கனடாவின் ரொறன்ரோ நகரிலே எட்வேர்ட் ஹொடர் என்னும் வைத்தியர் கொலரா நோயாளரின் நாளத்துட் பசுவின் பாலையே ஏற்றினார். இன்று கேட்பவர்க்கு மெய் சிலிர்க்கும். சிலர் பிழைத்தனர் என்பது அதனினும் பெரிய வியப்பு. சீனியையும் முட்டையையும் சோதித்தோரும் உளர். எதனை ஏற்றினாலும் நோயாளருக்கு நடுக்கத்துடன் காய்ச்சல் வருவது வழக்கமாயிருந்தது. வடித்துக் காய்ச்சிய நீரிலும் இறந்த கிருமிகளின் எச்சம் தங்கியிருந்து காய்ச்சலை உண்டாக்குகின்றது என்பதை 1923ஆம் ஆண்டிலே ஃபுளோரன்ஸ் சீபர்ட் என்னும் அமெரிக்க அம்மையார் எடுத்துக்காட்டினார். இன்று பேசப்படாத பெயர் இது. ஆயினும், நாளவழிப் போத்தல் ஒன்று அச்சமின்றித் தொங்குமிடமெல்லாம் அவருடைய உழைப்பு உண்டு. 1930களில் றொபேட் எல்மன் என்பார் புரதத்தைச் சிதைத்துப் பெற்ற அமினோ அமிலங்களை மனிதருக்கு ஏற்றலாம் என நிறுவினார்.

எஞ்சியவை இரண்டு தடைகள். ஒன்று, கொழுப்பு; மற்றையது, சீனியின் செறிவு. முதலாவதைச் சுவீடன் நாட்டு அர்விட் ரெட்லிண்ட் வென்றார். சோயா எண்ணெயை முட்டை மஞ்சட் கருவிலிருந்து பெற்ற ஒரு பொருளோடு கலந்து, எண்ணெயின் துளிகளை மிக நுண்ணியனவாக்கி, பால்போன்ற வெண்ணிறக் கலவையொன்றை 1960களின் தொடக்கத்தில் அவர் ஆக்கினார். அதன் துளிகள் நுரையீரலை அடைப்பதில்லை. இரண்டாவது தடையை விளங்கிக்கொள்ள வயல் வாய்க்காலை நினைத்தாற் போதும். ஒரு மூடை உப்பைச் சிறு வாய்க்காலிற் கொட்டினாற் பயிர் கருகும். அதே மூடையை மாரிவெள்ளம் புரளும் ஆற்றிற் கொட்டினால் ஒன்றும் நேராது. செறிந்த சீனிக் கரைசல் கையிலுள்ள சிறு நாளத்தை எரித்து அடைத்துவிடும். இருதயத்தை அடுத்துள்ள பெருநாளத்திலோ குருதி வெள்ளமாய் ஓடுதலின், கரைசல் விழுந்தவுடனே ஐதாகிவிடும். தோள் எலும்பின் கீழாகச் சென்று அப்பெருநாளத்தை அடையும் வழியை ஒபானியாக் என்னும் பிரெஞ்சுச் சத்திரசிகிச்சை நிபுணர் 1952ஆம் ஆண்டிலே வெளியிட்டிருந்தார்.

இவற்றை ஒன்றுசேர்த்தவர் ஸ்ரான்லி டட்றிக். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலே சத்திரசிகிச்சை பயின்ற காலத்தில், கத்தி செய்யவேண்டியதைச் செவ்வனே செய்த பின்னரும் நோயாளர் உணவின்றி மெலிந்து இறப்பதைக் கண்டு மனம் வருந்தியவர் அவர். அவருடைய பேராசிரியர் ஜொனதன் றோட்ஸ் அவ்வருத்தத்தை ஆராய்ச்சியாக்கும்படி தூண்டினார். ஆறு நாய்க்குட்டிகளுக்கு வாய்வழி ஒன்றும் கொடாது, பெருநாளத்தின் வழியே மட்டும் எல்லா உணவும் ஊட்டப்பட்டன. வாயால் உண்ட உடன்பிறந்த குட்டிகளுக்கு நிகராக அவை வளர்ந்தன. முந்நூறு ஆண்டுகளாக மது அருந்தியும் எண்ணெய் தாங்கியும் இவ்வாராய்ச்சிக்கு உழைத்த நாய்க்குலம் இறுதிச் சாட்சியத்தையும் வழங்கிற்று எனலாம். 1967ஆம் ஆண்டிலே, சிறுகுடல் ஏறக்குறைய முற்றும் இன்றிப் பிறந்த பெண் குழந்தையொன்றிற்கு இம்முறை கையாளப்பட்டது. குழந்தையின் நிறை கூடிற்று, தலை வளர்ந்தது, சிரித்தது. அது நெடுநாள் வாழவில்லை. ஏறத்தாழ இரண்டு வயதுக்குள் இறந்துவிட்டது. ஆயினும், குடலின் உதவியின்றி ஒரு மனித உயிர் வளரும் என்பதை அச்சிறு வாழ்வு உலகிற்கு உணர்த்திற்று.

குடலழற்சி நோயுடையோர் இம்முறையை ஆவலோடு நோக்கியதன் காரணம் எளிது. இந்நோய் பெரும்பாலும் இரு வகைப்படும். பெருங்குடலின் உட்தோல் புண்ணாகி இரத்தமும் சளியும் போவது ஒன்று. மற்றையது, 1932ஆம் ஆண்டிலே நியூயோர்க் நகரில் குரோன் என்பாரும் அவருடைய தோழர் இருவரும் விளக்கியெழுதிய குரோன் நோய். இது குடலின் எப்பகுதியையும் பற்றி, சுவரைத் தடிக்கச் செய்து, வழியை ஒடுக்கி, சில வேளைகளில் துளைத்தும் விடும். உண்டது உடலிற் சேர்வதில்லை, உண்டால் வலி, வலிக்கு அஞ்சி உண்பதும் இல்லை. மணிமேகலையிலே காயசண்டிகை என்னும் பெண்ணை யானைத்தீ என்னும் பசி பிணித்த கதையை நேயர்கள் அறிவர். எவ்வளவு உண்டும் பசி ஆறாத அவளுக்கு, மணிபல்லவத்திலே கிடைத்த அமுதசுரபியின் ஒரு பிடி உணவே விடுதலை தந்தது. மணிபல்லவம் நம் நயினாதீவே என்பர் பலர். உண்டும் உடலிற் சேராத நோயின் கொடுமையைப் பண்டைப் புலவர் எண்ணிப் பார்த்திருக்கின்றார் என்பது மட்டும் இங்கே குறிக்கத்தக்கது.

உணவு உடலிற் சேராத வேறொரு நோய்க்கு நம் நாட்டின் பெயரையே மேல்நாட்டார் ஒருகாலத்தில் வழங்கினர். ஸ்புரூ எனப்படும் அந்நோய் ‘சிலோன் வாய்ப்புண்’ என்றும் பழைய மருத்துவ அகராதிகளில் இடம்பெற்றது. தமிழ்நாட்டின் வேலூரிலுள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரி 1960களில் அந்நோயை ஆராய்ந்து உலகப் புகழ் பெற்றது. நாளவழி உணவின் அடுத்த அதிகாரத்தை எழுதியவரும் அக்கல்லூரியிற் பயின்ற ஒருவரே என்பதைத் தமிழ் மக்கள் பலர் அறியார். அவர் குர்ஷித் ஜீஜீபோய். வேலூரிலும் இங்கிலாந்திலும் கற்றுத் தேர்ந்து, 1960களின் பிற்பகுதியில் அவர் ரொறன்ரோ நகரில் குடியேறினார்; நூறு ஆண்டுகளுக்கு முன்னர் ஹொடர் பால் ஏற்றிய அதே நகரம்.

1970ஆம் ஆண்டிலே ஜூடி ரெய்லர் என்னும் இளந்தாய் ஒருவர் ரொறன்ரோ வைத்தியசாலையிற் சேர்க்கப்பட்டார். குடலுக்குரிய குருதிக் குழாயில் கட்டியொன்று அடைத்ததால் அவருடைய குடல் இறந்துபோக, அதனை வெட்டி அகற்றவேண்டியதாயிற்று. அக்காலத்தில் அத்தகையோருக்கு இறப்பையன்றி வேறு முடிவில்லை. சத்திரசிகிச்சை நிபுணர் பேர்னாட் லாங்கருடன் சேர்ந்து ஜீஜீபோய் பெருநாளத்தில் நிலையான குழாயொன்றை அமைத்து உணவை ஏற்றினார். உயிர் நின்றது. அதன்பின் எழுந்த வினாவே பெரியது. வாழ்நாள் முழுவதும் ஒருவரை வைத்தியசாலைக் கட்டிலில் வைத்திருப்பதா? இரவில் உறங்கும்போது உணவை ஏற்றிக்கொண்டு, பகலிற் குழாயை மூடிவிட்டு வீட்டுவேலை செய்ய அவ்வம்மையார் கற்றுக்கொண்டார். கிருமி அண்டாமற் குழாயைப் பேணும் கலையில் அவர் தேர்ந்தார். வீட்டிலேயே 23 மாதம் இவ்வாறு நலமாக வாழ்ந்தமையை ஜீஜீபோய் 1973ஆம் ஆண்டிலே வெளியிட்டார். அதற்குப் பின்னும் அவ்வம்மையார் வாழ்ந்தார். நாளவழி உணவால் அவர் வாழ்ந்த காலம் ஏறக்குறைய இருபது ஆண்டு.

உடலுக்கு இன்னின்ன பொருள் தேவை என்பதை இப்பைகள் வைத்தியருக்கே கற்பித்தன. வாயால் உண்பவன் கீரையிலும் மீனிலும் தன்னை அறியாமலே நூறு பொருள்களைப் பெறுகின்றான். பைக்குள்ளோ மனிதன் இட்டது மட்டுமே இருக்கும். நாகம் இடாதபோது தோல் வெடித்தது. கொழுப்பு இடாதபோதும் தோல் செதிலாயிற்று. ஆண்டுக்கணக்கில் இவ்வுணவால் வாழ்ந்த ஒருவருக்குத் திடீரென நீரிழிவு போன்ற நிலை தோன்றி, நிறை குறைந்து, நரம்புகளும் தளர்ந்தன. இன்சுலின் பயனளிக்கவில்லை. நாளொன்றுக்கு ஒரு கிராமின் நாலாயிரத்தில் ஒரு பங்கு குரோமியம் சேர்க்கப்பட்டதும் யாவும் சீராயின. ஜீஜீபோய் 1977ஆம் ஆண்டிலே வெளியிட்ட இச்செய்தி, அவ்வுலோகம் மனிதனுக்குத் தேவை எனக் கூறுவோர் முதன்மையாகக் காட்டும் சான்று.

வெற்றி பெரிதாயின் அதனை எங்கும் புகுத்த ஆசை எழும். குடல் அழன்று கிடக்கின்றது. அதற்கு முற்றும் ஓய்வு கொடுத்து, உணவை நாளத்தின் வழியே அனுப்பினால் புண் ஆறிவிடுமன்றோ? முறிந்த காலுக்கு ஓய்வு வேண்டுமெனின் புண்பட்ட குடலுக்கும் வேண்டுமே. கேட்பதற்கு இனிய இந்தக் கருத்தை 1970களிலே பலர் ஏற்றனர். குரோன் நோயாளர் கிழமைக்கணக்கில் ஒரு மிடறும் விழுங்காது கிடந்தனர்.

இக்கருத்தை உரைத்துப் பார்த்தோருள் ஜீஜீபோயும் ஒருவர் என்பதே அவருடைய பெருமை. மருந்தால் குணமாகாத 51 குரோன் நோயாளரை அவருடைய குழுவினர் மூன்று பிரிவாக்கினர். முதற் பிரிவினர்க்கு நாளவழி உணவு மட்டும், வாயால் ஒன்றுமில்லை. இரண்டாம் பிரிவினர்க்கு மூக்கின் வழியே இரைப்பைக்குச் செல்லும் குழாயால் நீருணவு. மூன்றாம் பிரிவினர் வழக்கம்போல் வாயால் உண்டனர். குறையை நாளவழி உணவு நிரப்பிற்று. 1988ஆம் ஆண்டிலே முடிவு வெளிவந்தது. நோய் தணிந்தோர் முறையே நூற்றுக்கு 71, 58, 60 பேர். எண்கள் வேறாகத் தோன்றினும் இத்துணைச் சிறு தொகையில் அவ்வேறுபாடு பொருளுடையதன்று. ஓராண்டின் பின் பார்த்தபோதும் முதற் பிரிவினர்க்குச் சிறப்பான நன்மை எதுவும் காணப்படவில்லை. நன்மை செய்தது குடலின் ஓய்வன்று, வயிறார ஊட்டமே. பெருங்குடலழற்சியிலும் குடலுக்கு ஓய்வளித்தல் பயன் தரவில்லை என்பதை வேறு ஆராய்ச்சிகள் காட்டின.

இதனால் நாளவழி உணவின் இடம் குறுகிற்று, ஆனால் தெளிவாயிற்று. குடல் அடைபட்டவர், துளைபட்டவர், பலமுறை வெட்டப்பட்டுக் குறுகிய குடலுடன் எஞ்சியவர் ஆகியோருக்கு அஃது இன்றும் உயிர்நாடி. ஓரளவேனும் குடல் தொழிற்படுமாயின் வாய்வழி அல்லது குழாய்வழி உணவே சிறந்தது. சிறுவருக்கு வரும் குரோன் நோயிற் சில கிழமைகள் நீருணவை மட்டும் வாயாற் கொடுப்பதே பல நாடுகளில் முதற் சிகிச்சையாகக் கொள்ளப்படுகின்றது. நாளவழி உணவிற்கு விலையும் உண்டு; பணவிலை மட்டுமன்று. பெருநாளக் குழாயிற் கிருமி புகுந்தால் அது நேரே குருதியிற் கலக்கும். நெடுங்காலம் ஏற்றினால் ஈரல் கெடலாம். பன்னாட் பட்டினி கிடந்தவருக்கு ஒரேயடியாக நிறைய ஊட்டினால் குருதியிலுள்ள பொசுபேற்று திடீரெனக் குறைந்து இருதயம் நிற்கவும் கூடும். நோன்பு திறப்பவர் பேரீச்சம்பழமும் கஞ்சியுமாகத் தொடங்குவது போன்று, இங்கேயும் சிறுகத் தொடங்குதல் வேண்டும்.

குடலழற்சி மேல்நாட்டார் நோய், நமக்கு வாராது என்ற எண்ணமும் இன்று செல்லாது. கொழும்பு, கம்பகா மாவட்டங்களில் நடத்தி 2010ஆம் ஆண்டிலே வெளியிட்ட ஆய்வு, இலட்சம் பேரில் ஏறக்குறைய ஐவருக்குப் புண்ணுடைய பெருங்குடலழற்சியும் ஒருவருக்குக் குரோன் நோயும் இருப்பதாகக் கணித்தது. தொகை சிறிதே; ஆயினும், ஆசியாவிலே இந்நோய் பெருகி வருகின்றது. நம் நாடுகளிற் குடலைப் பற்றும் காசநோய் குரோன் நோயைப் போலவே தோற்றுதலால், ஒன்றை மற்றொன்றாகக் கொள்ளும் இடரும் உண்டு.

நாளத்தின் வழியே சென்றதை உண்டதாகக் கொள்ளலாமா என்ற வினா முஸ்லிம் நோயாளருக்கு வேறு வகையிலும் எழுந்தது. 1997ஆம் ஆண்டிலே ஜித்தாவிற் கூடிய பன்னாட்டு இஸ்லாமிய பிக்ஹ் அகாதமி, தோலிலும் தசையிலும் நாளத்திலும் ஏற்றும் மருந்தூசிகள் நோன்பை முறிப்பதில்லை என்று தீர்மானித்தது. ஊட்டம் தரும் திரவங்களை மட்டும் அதிலிருந்து விலக்கி வைத்தது. முந்நூறு ஆண்டு மருத்துவ வரலாறு வகுத்த எல்லையையே மார்க்க அறிஞரும் தம் வழியில் வகுத்தனர் என்பது சிந்திக்கத்தக்கது. கடும் நோயாளி நோன்பை விடுத்துப் பின்னொரு நாளில் நோற்க மார்க்கம் இடமளிக்கின்றது என்பதையும் இக்கரையிலே பலர் அறிவர்; அறிந்தும் நோற்போர் உளர்.

திருக்கோவிலிலோ அக்கரைப்பற்றிலோ கல்முனையிலோ வைத்தியசாலைக் கட்டிலருகே நிற்கும் உறவினர் கேட்கவேண்டிய கேள்வி, சேலைன் ஏறுகின்றதா என்பதன்று. இன்று நோயாளி என்ன உண்டார், எவ்வளவு உண்டார், உண்ணாவிடில் வேறெவ்வழியில் ஊட்டம் செல்கின்றது என்பதே. ஆறு மாதத்தில் உடல்நிறையிற் பத்தில் ஒரு பங்கிற்கு மேல் குறைவது ஆபத்தின் அறிகுறி. அறுபது கிலோ நிறையுள்ளவருக்கு அஃது ஆறு கிலோ. வீட்டிலே தராசு இல்லாதார் பலர். சாரத்தை முன்னையிலும் ஒரு சுற்று இறுக்கிச் செருக வேண்டிவந்தது எப்போது என்பதை நினைவிற் கொண்டு வைத்தியரிடம் சொன்னாலும் போதும்.